இரண்டு நிலுவைகள்

இந்தியப் பல்கலைக்கழக வளாகங்களில் இரண்டு நிலுவைகள் அருகருகே வாழ்கின்றன. அரசு ஆய்வாளருக்குத் தர வேண்டிய உதவித்தொகை நிலுவை ஒன்று. அந்த ஆய்வாளர் தம் குழந்தையைப் பார்த்துக்கொண்ட காப்பகத்துக்குத் தர வேண்டிய கட்டண நிலுவை மற்றொன்று. முன்னது வந்து சேராததால் பின்னது உண்டாவது வளாகத்தில் வாழ்ந்த எவருக்கும் புதிய செய்தியன்று. ஆயினும் சட்டம் இவ்விரண்டையும் ஒரே தராசில் வைப்பதில்லை. உதவித்தொகை எத்தனை மாதம் தாமதமானாலும் அதற்கு வட்டி தரும் வழக்கமில்லை. தாமதித்த அலுவலரின் வீட்டுக் கதவில் எவரும் எந்த அறிவிப்பையும் ஒட்டுவதில்லை. காப்பகக் கட்டணமோ நீதிமன்றம் ஏறினால் தீர்ப்பாணை ஆகிறது. பேச்சுவழக்கில் டிக்ரி எனப்படும் அந்தக் காகிதத்துக்கு 12 ஆண்டுகள் ஆயுள். கட்டி முடிக்கும் வரை வட்டி.

ஓர் எடுத்துக்காட்டு. ஆளும் கட்டணத் தொகையும் கற்பிதம். சட்டமும் உதவித்தொகை விகிதமும் உள்ளவை. 2015ஆம் ஆண்டு. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை அன்று மாதம் 25,000 ரூபாய். தாய்மொழி பேசாத மாநிலம் ஒன்றில் ஆய்வு செய்யும் பெண் தம் குழந்தையை மாதம் 6,000 ரூபாய்க்கு ஒரு காப்பகத்தில் விடுகிறார். பல நகரங்களில் கிளை வைத்து நடத்தும் நிறுவனத்தின் காப்பகம் அது. சேர்க்கைப் படிவம் என்ற பெயரில் ஆறு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறது. ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. 42,000 ரூபாய் நிலுவை. பின்னர் அவர் வீட்டைக் காலி செய்கிறார், ஊர் மாறுகிறார். அழைப்பாணை பழைய முகவரிக்குப் போகிறது. நீதிமன்றப் பணியாளர் அதைக் கதவில் ஒட்டுகிறார். புதிதாகக் குடிவந்தவர் கிழித்துப் போடுகிறார். 2016இல் ஒருதலைத் தீர்ப்பாணை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, வணிகப் பரிவர்த்தனை அல்லாத கடன்களுக்குத் தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியை ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்கு மேற்போக விடுவதில்லை. அந்த 6 விழுக்காட்டையே விதித்தார்கள் எனக் கொண்டால், ஆண்டுக்கு 2,520. பத்தாண்டில் 25,200. ஆக 67,200, வழக்குச் செலவு நீங்கலாக.

இப்போது அவர் வேறொரு மாநிலத்தில் உதவிப் பேராசிரியர். குழந்தை மேல்நிலைப் பள்ளியை நெருங்குகிறது. ஒருநாள் கல்லூரி அலுவலகத்துக்கு நீதிமன்ற உறையில் ஓர் அறிவிப்பு வருகிறது. தீர்ப்பாணை பிறந்து இரண்டு ஆண்டுகள் கடந்தபின் அதை நிறைவேற்றக் கேட்டால் எதிர்த்தரப்புக்கு முன்னறிவிப்பு தர வேண்டும் என்று கட்டளை 21, விதி 22 சொல்கிறது. தம்மீது ஒரு வழக்கு இருந்தது, அது முடிந்தும் விட்டது என்பதை அவர் அறிவது அந்த உறையைப் பிரித்த பிறகே.

இவ்விடத்தில் வளாகத்து நல்லொழுக்கர்கள் குறுக்கிடுவார்கள். கையெழுத்திட்டவர் கட்டத்தான் வேண்டும், இதில் என்ன அநீதி என்பார்கள். கட்ட வேண்டும் என்பதில் தகராறே இல்லை. அந்த ஏழு மாதமும் ஒருத்தி அக்குழந்தைக்குச் சோறூட்டினாள், துணி மாற்றினாள், உறங்க வைத்தாள். அந்த உழைப்புக்கு விலை உண்டு. முதலாளியத்தின் கடனை எவரும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று முழங்கும் இன்னொரு தரப்பினர் அந்த ஆயாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிப் பார்க்கட்டும். கேள்வி வேறு. ஒருவர் தம் பேச்சைச் சொல்ல வாய்ப்பே இன்றி ஒரு கடன் முத்திரை பெறுகிறது. அந்தக் கடனை உண்டாக்கிய மற்றொரு கடனைப் பற்றி எந்த நீதிமன்றமும் வாய் திறப்பதில்லை. இது எப்படி இயல்பாயிற்று?

சட்டம் கதவை முழுக்க அடைத்துவிடவில்லை. கட்டளை 9, விதி 13இன் கீழ் ஒருதலைத் தீர்ப்பாணையை நீக்கக் கோரலாம். அதற்கான காலவரையறை 30 நாள். நிறைவேற்றக் கேட்க 12 ஆண்டு, நீக்கக் கேட்க 30 நாள்: 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தன் அட்டவணையில் 136ஆம் உறுப்பாகவும் 123ஆம் உறுப்பாகவும் இவ்விரண்டையும் வைத்திருக்கிறது. 30 நாள் பொதுவாகத் தீர்ப்பாணைத் தேதியிலிருந்து ஓடும். அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படவில்லை என்றால் மட்டுமே தீர்ப்பாணையைப் பற்றி அறிந்த நாளிலிருந்து ஓடும். ஆகவே எல்லாம் 'முறையாக' என்ற அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

அந்தச் சொல்லுக்குள் இறங்கிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. கட்டளை 5, விதி 20இன்படி நீதிமன்றம் மாற்று வழிச் சார்வுக்கு உத்தரவிட்டு ஒட்டிய அழைப்பாணையை 'முறையான சார்வு' எனக் கொள்ளக்கூடாது என்று 123ஆம் உறுப்பின் விளக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் விதி 17இன்படி பணியாளர் தாமே கதவில் ஒட்டிவிட்டு அறிக்கை தந்து, நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால், அந்த விளக்கத்தின் காப்பு கிடைக்காது. ஒரே கதவு, ஒரே காகிதம், ஒரே பசை. விதி எண் மாறினால் பொருள் மாறுகிறது. விதி 17 பேசுவது எதிர்வாதி வழக்கமாக வசிக்கும் வீட்டைப் பற்றி. அந்நாளில் தாம் அங்கே வசிக்கவில்லை என்று காட்ட முடிந்தால் வழி உண்டு. தாமதத்தை மன்னிக்கக் கேட்க அதே சட்டத்தின் 5ஆம் பிரிவும் உண்டு. பத்தாண்டுக்கு முன் ஒரு வீட்டில் தாம் வசிக்கவில்லை என்பதை எந்த ஆவணத்தால் நிறுவுவது என்பதைச் சட்டம் சொல்லித் தராது. விடுதி ரசீதையும் பேருந்துச் சீட்டையும் பத்தாண்டு பேணி வைக்கும் ஆய்வாளர் இருந்தால் அவரைக் காட்சியகத்தில்தான் வைக்க வேண்டும்.

கைக்குக் கிடைத்தாலும் அழைப்பாணையின் மொழி என்ன? கீழமை நீதிமன்றங்களின் மொழியை மாநில அரசு தீர்மானிக்கலாம் என்று 137ஆம் பிரிவு சொல்கிறது. அவ்வவ்வூர் மக்களுக்கு அவர்கள் மொழியில் நீதி கிடைக்க வேண்டும் என்ற அளவில் அது சரியே. தமிழுக்காக அதைக் கேட்டவர்கள் கன்னடத்துக்கும் ஒடியாவுக்கும் அதை மறுக்க முடியாது. ஆனால் ஊர் விட்டு ஊர் வந்தவருக்கு அது படிக்க முடியாத காகிதம். ஆங்கிலத்தில் வந்தால் மட்டும் புரிந்துவிடும் என்பதும் மயக்கமே. எழுத்து மூல ஒப்பந்தத்தின்மேல் கட்டளை 37இன்படி சுருக்க முறை வழக்கு போட்டால், அழைப்பாணை கிடைத்த பத்து நாளில் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் வாதுரை முழுவதும் ஒப்புக்கொள்ளப்பட்டதாகும். அந்த ஆங்கில வாசகத்தைப் படித்து, எங்கே எதைப் பதிவு செய்வது என்று சட்டத்துறை அல்லாத பேராசிரியர்கள் எத்தனை பேர் சொல்லிவிடுவார்கள்?

மொழி என்று வந்தபின் சொற்களையும் பார்த்தாக வேண்டும். ஆய்வாளர் பெறுவது 'உதவித்தொகை'. அங்கன்வாடிப் பணியாளர் பெறுவது 'மதிப்பூதியம்'. இரண்டும் ஊதியம் என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கென்றே தேர்ந்த சொற்கள். 2018 முதல் அங்கன்வாடிப் பணியாளருக்கு மத்திய அரசின் கணக்கில் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை நிலைநாட்ட 2022இல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஊதியம் என்று பெயர் சூட்டாததால் தாமதமும் தாமதமாகத் தெரிவதில்லை. உதவி என்பது வரும்போது வருவது, மதிப்பு என்பது தருபவர் மனம்போல் தருவது. நீதிமன்றத் தாளில் மட்டும் சொற்கள் திடீரெனக் கூர்மை பெறுகின்றன. அங்கே அந்தப் பெண் 'தீர்ப்புக் கடனாளி'.

சட்டத்தின் பட்டியல்களும் இச்சொற்களையே நம்பி இயங்குகின்றன. 60ஆம் பிரிவின்படி, வாழ்க்கைப்பொருள் வழக்குகள் அல்லாத பணத் தீர்ப்பாணைக்குச் சம்பளத்தைப் பற்றும்போது முதல் 1,000 ரூபாயையும் எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. அதை மட்டும் கணக்கில் கொண்டால் மாதம் 18,900 ரூபாய் வரை பற்றலாம். மேற்சொன்ன 67,200 நான்கு மாதத்தில் தீரும். ஒரே தீர்ப்பாணைக்காக 24 மாதங்களுக்கு மேல் சம்பளத்தைப் பற்றிக்கொண்டிருக்கவும் முடியாது. இந்தக் காப்பெல்லாம் சம்பளம் என்ற சொல்லுக்கு. ஆய்வாளரின் உதவித்தொகை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. சம்பளக்காரராகிவிட்டவருக்குக் கேடயம் உண்டு; ஆய்வாளராகவே இருக்கும் ஏழை தம் வங்கிக் கணக்கைக் காக்க ஒரு சொல்லின் விரிவை வழக்காடி நிறுவ வேண்டும்.

சிறை பற்றிய அச்சத்தையும் இங்கேயே போக்கிவிடலாம், ஏனெனில் வசூல் முகவர்கள் முதலில் உச்சரிப்பது அதைத்தான். பணத் தீர்ப்பாணைக்காகப் பெண் எவரையும் கைது செய்ய 56ஆம் பிரிவு இடம் தரவில்லை. ஆணைப் பொறுத்தவரை, கட்டாமல் விட்டது மட்டுமே சிறைக்குக் காரணமாகாது, கட்ட வசதியிருந்தும் தீய நோக்கோடு மறுத்தது தெரிய வேண்டும் என்று 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதினார்.

கடன் என்ற தமிழ்ச் சொல்லுக்கு இரு பொருள்: திருப்பித் தர வேண்டிய பொருள், செய்தே தீர வேண்டிய கடமை. பெற்று வளர்ப்பதைத் தாயின் கடனாகச் சொல்லும் பொன்முடியாரின் புறநானூற்றுப் பாட்டை மேடைதோறும் சொல்கிறார்கள். அவர்கள் நினைவில் நிற்பது முதலடி மட்டுமே. அதே பாட்டு தந்தைக்கு ஒரு கடனையும், வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு கடனையும், வேந்தனுக்கு ஒரு கடனையும் பங்கிட்டு வைத்திருக்கிறது. போருக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யும் உலகம் அது. அந்த மதிப்பீட்டை இன்று ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வளர்ப்பில் அரசுக்குப் பங்கு இல்லை என்று அந்த உலகம்கூட எண்ணவில்லை. இன்றைய அரசு தன் பங்கை எங்கே வைத்திருக்கிறது?

2017இல் திருத்திய மகப்பேற்றுப் பயன் சட்டம் 50 பணியாளருக்கு மேற்படாமல் விடாது, 50 பேர் இருந்தாலே காப்பக வசதி வேண்டும் என்றது. நாளொன்றுக்கு நான்கு முறை தாய் போய்ப் பார்க்கலாம் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அதே 50ஐ எடுத்துக்கொண்டது. கட்டணம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் விடை இல்லை. ஆய்வாளர் பணியாளராக எண்ணப்படுவதும் இல்லை. மானியக் குழுவின் நெறிமுறை பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலம் முழுமைக்கும் 240 நாள் மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பு தருகிறது. ஏறத்தாழ எட்டு மாதம். ஒன்பதாம் மாதத்தில் குழந்தை என்ன ஆகும் என்பதை நெறிமுறை எழுதியவர்கள் பாட்டிமார்களிடம் விட்டுவிட்டார்கள் போலும். பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழகங்களில் பகல்நேரக் காப்பகம் அமைக்க அதே மானியக் குழு ஒரு திட்டம் வைத்திருந்தது. ஆகவே இது எவருக்கும் தோன்றாத யோசனை என்றும் சொல்ல முடியாது. தேசியக் காப்பகத் திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், மாத வருவாய் 12,000 வரை உள்ளவருக்கு 100, அதற்கு மேல் 200 என்று கட்டணம் வகுத்ததும் இதே நாடுதான். 200 ரூபாய்க் கட்டணத்துக்கு எவரும் தீர்ப்பாணை வாங்குவதில்லை. பராமரிப்புப் பொருளாதாரம் பற்றிய கருத்தரங்குகளுக்கு மட்டும் வளாகங்களில் குறைவில்லை. குழந்தையோடு வந்தவர்கள் அரங்கின் வெளியே நடைபாதையில் உலவிக்கொண்டிருப்பார்கள்.

நீதிமன்றம் காப்பகத்தாருக்கு நீதி தருகிறதே என்று கேட்கலாம். எந்தக் காப்பகத்தாருக்கு? படிவமும் சட்ட ஆலோசகரும் வைத்திருக்கும் நிறுவனம் வழக்குத் தொடுக்கும். தன் வீட்டு முன்னறையில் ஆறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் தொடுக்க மாட்டாள். வழக்கறிஞர் கட்டணமும் அலைச்சலும் நிலுவையைத் தின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். மாதக் கடைசியில் தன் அடுக்களையில் அதை ஈடுகட்டுவாள். இந்தியாவில் வழக்காடுபவரின் தொல்லை தீர்ப்பாணை பெற்ற பிறகே தொடங்குகிறது என்ற கருத்தைப் பிரிவி கவுன்சில் 1872லேயே பதிவு செய்தது. நிறைவேற்றல் மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021இல் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்தது அந்தத் தொல்லையை நீக்கத்தான். நல்ல நோக்கம். ஆனால் விரைவு படுத்தும் ஆணை, பேசப்படாமலே முடிந்த வழக்கையும் பேசி முடித்த வழக்கையும் வேறுபடுத்துவதில்லை. பழைய சிறு தீர்ப்பாணைகள் உயிர்பெறுவது இனிக் கூடும்.

அவ்வாறு ஓர் உறை வந்தால் வெட்கத்தில் அதை மேசை அறைக்குள் தள்ளுவதே பெரும் கேடு. படித்தவர்களிடம் இந்த வெட்கம் மிகுதி. கடனாளி என்ற சொல் செய்யும் வேலை அது. முதலில் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலைப் பெற வேண்டும். தேதி, தொகை, வட்டி விகிதம், சார்வு எப்படி நடந்தது என்ற பதிவு, எல்லாம் கோப்பில் இருக்கும். 12 ஆண்டு கடந்திருந்தால் நிறைவேற்ற முடியாது. நிறைவேற்றும் நீதிமன்றம் தீர்ப்பாணைக்குப் பின்னே போய் வழக்கின் நியாயத்தை மீண்டும் விசாரிக்காது. அதற்கு அதை வழங்கிய நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் அதிகாரச் சட்டம் 12ஆம் பிரிவில் உரிமை தந்திருக்கிறது; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இதைப் பெண் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏழைகளுக்கு மட்டுமே உரியதென எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, இதில் ஏமாறுவோர் நேர்மையாளர்களே. தீர்ப்பாணை உண்டென்று அறிந்து, மனம் உறுத்தி, காப்பகத்துக்கே போய்ப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கட்டளை 21, விதி 2இன்படி நீதிமன்றத்துக்கு வெளியே கட்டிய தொகை நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். பதிவாகாத தொகையை நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. பதிவு செய்யக் கோர, கட்டிய நாளிலிருந்து 30 நாள்தான். காப்பகம் கைமாறி, புதிய மேலாளர் பழைய கோப்பைத் தூசு தட்டினால், கொடுத்த பணத்தை மீண்டும் கொடுக்க நேரும். ஆகவே நீதிமன்றத்திலேயே செலுத்துவது, அல்லது வங்கி வழியாகச் செலுத்தி எழுத்து மூலம் ஒப்புகை பெற்று உடனே பதிவு செய்விப்பது. தவணை கேட்பதானால் தீர்ப்புக்குப் பிறகு எதிர்த்தரப்பின் இசைவு வேண்டும். அந்த இசைவைப் பெற மக்கள் நீதிமன்றம் ஏற்ற இடம்.

இவையெல்லாம் தனியொருவர் தப்பிக்கும் வழிகள். வளாகங்கள் கேட்க வேண்டியவை வேறு. தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் உதவித்தொகையோடு 6 விழுக்காடு வட்டி. குடிமக்களின் சிறு கடனுக்கு 34ஆம் பிரிவு வைத்த அதே அளவு, ஒரு பைசா கூடுதலாக வேண்டாம். 50 பேரை எண்ணும்போது ஆய்வாளரையும் சேர்த்து எண்ணுதல். வளாகக் காப்பகத்தில் ஆய்வாளரின் கட்டணத்தை உதவித்தொகை வந்து சேரும் நாளோடு பிணைத்தல். அதுவரை ஆயாவின் ஊதியத்தைப் பல்கலைக்கழகம் தன் கையிருப்பிலிருந்து, மதிப்பூதியம் என்று பெயர் மாற்றாமல், மாத இறுதியில் தருதல். இவற்றில் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. மானியக் குழுவின் ஒரு சுற்றறிக்கை போதும்.